குழாய் மூலம் தரவு அனுப்புதலும் தடைப்படும் எழுதுதலும்

இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரல் முறைவழி எனப்படும். ஒரு முறைவழியின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக அனுப்பும் வழியே குழாய் ஆகும். டக்ளஸ் மக்கில்ரோய் முன்மொழிந்த இக்கருத்தை கென் தொம்சன் 1973இல் யுனிக்ஸ் பணிசெயல் முறைமையில் நடைமுறைப்படுத்தினார்.

குழாயின் இயல்புகள்

1. குழாய் என்பது வரையறுக்கப்பட்ட கொள்ளளவுடைய நினைவகப் பகுதியாகும். லினக்ஸில் அது வழமையாக 65,536 பைற்றுகள்.
2. குழாய் நிரம்பியதும் எழுதும் முறைவழி நிறுத்தி வைக்கப்படும். மறுமுனையில் வாசிக்கப்பட்டு இடம் கிடைத்த பின்னரே அது தொடரும்.
3. குழாய் வெறுமையாயின் வாசிக்கும் முறைவழி காத்திருக்கும்.

உதாரணம்

தாய் முறைவழி 200,000 பைற்று தரவைப் பிள்ளை முறைவழிக்கு அனுப்புகிறது. பிள்ளை அதைச் சிறிது சிறிதாக வாசித்து, மாற்றி, இன்னொரு குழாயினூடாகத் திருப்பி அனுப்புகிறது. தாயோ முழுவதையும் எழுதி முடித்த பின்னரே வாசிக்கத் தொடங்கும். என்ன நிகழும்?

முதலில் திரும்பி வரும் குழாய் நிரம்பும், பிள்ளை நின்றுவிடும். பின்னர் அனுப்பும் குழாயும் நிரம்பும்; தாயும் நின்றுவிடும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடிவின்றிக் காத்திருக்கும். இந்நிலை டெட்லொக் எனப்படும். வழுச்செய்தி எதுவும் தோன்றாது.

இரு குழாய்களினதும் மொத்தக் கொள்ளளவு 131,072 பைற்றுகள். ஆகவே 1,000 பைற்று தரவுடன் பரீட்சித்தால் இதே செய்நிரல் சரியாக இயங்கும். சிறிய தரவுடன் மட்டும் பரீட்சிப்பது போதாது என்பதை நினைவிற் கொள்க.

தவிர்க்கும் வழிகள்

1. எழுதுவதையும் வாசிப்பதையும் மாறி மாறிச் செய்தல். எந்தக் குழாய் தயாராக உள்ளதெனப் பணிசெயல் முறைமையிடம் கேட்டறியலாம்.
2. குழாயைத் தடையிலா நிலையில் அமைத்தல். அப்போது இடமில்லையெனில் எழுதும் கட்டளை காத்திராது உடனே திரும்பும். எஞ்சியதைப் பின்னர் எழுதலாம்.
3. பிள்ளையின் வெளியீட்டைக் குழாய்க்குப் பதிலாகத் தற்காலிகக் கோப்பில் சேமித்தல்.

எழுதி முடிந்ததும் எழுதும் முனையை மூடுக. மூடாவிடின் வாசிப்பவர் மேலும் தரவு வருமெனக் காத்திருப்பார். கொள்ளளவைக் கூட்டுவது தீர்வாகாது; தரவு பெருகினால் அதே சிக்கல் மீண்டும் எழும்.

பயிற்சி வினா

65,536 பைற்று கொள்ளளவுள்ள குழாயில் 60,000 பைற்றுகள் வாசிக்கப்படாதுள்ளன. மேலும் 10,000 பைற்றுகளை எழுதினால் யாது நிகழும்?

விடை: எஞ்சிய இடம் 5,536 பைற்றுகள். அது நிரம்பியதும், மீதி 4,464 பைற்றுகளுக்கு இடம் கிடைக்கும் வரை எழுதும் முறைவழி காத்திருக்கும்.