இடம் பெயர்ந்த ஏடு

புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம் நெஞ்சம் நடுங்குகின்றது. நம் உடலின் உயிரணுக்களே வரம்பு கடந்து பெருகுதலால் அந்நோய் உண்டாகின்றது. அவ்வரம்பு அழியுமாற்றை ஓர் உதாரணத்தால் ஈண்டு ஆராய்வோம்.

உயிரணுவின் கருவினுள் 46 குரோமோசோம்கள் உள. புரதங்களை ஆக்கும் முறை, சுவடியில் ஏடுகள் போல, அவற்றில் மரபணுக்களாக அமைந்துள்ளது. ஏட்டைப் படியெடுத்தாலன்றிப் புரதம் தோன்றாது. எவ்வேட்டை, எப்பொழுது, எத்துணைப் படி எடுப்பதென ஏவும் புரதங்களும் உள. அவை படியெடுப்புக் காரணிகள் எனப்படும். 'மிக்' என்பது அவற்றுள் ஒன்று. அது 'மேக்ஸ்' என்னும் துணையோடு கூடி மரபணுக்களைப் பற்றி, அணுவை வளரவும் பிளவுபடவும் ஏவும். காயம் ஆறுதற்கும் குழவி வளர்தற்கும் இவ்வேவல் இன்றியமையாதது. ஆயின் மிக் நெடிது நில்லாது. ஏறக்குறைய அரை மணி நேரத்திற்குள் அதிற் பாதி அழிந்தொழியும். இதுவே இயற்கை இட்ட வரம்பு.

1958-ஆம் ஆண்டில், உகாண்டா நாட்டுக் கம்பாலா நகரில் அறுவை மருத்துவராயிருந்த டெனிஸ் பர்கிட் என்பார், சிறுவர் தாடையில் அதிவிரைவாக வளரும் ஒரு கட்டியைக் குறித்து எழுதினார். அதன் உட்காரணம் 24 ஆண்டுகள் கழித்து, 1982-இல் விளங்கிற்று. குருதி வெள்ளணுக்களுள் ஒருவகை, நோயெதிர்ப் புரதத்தின் ஏட்டை வெட்டி ஒட்டித் திருத்தும் இயல்பினது. அப்பணியில் நேரும் பிழையால், 8-ஆம் குரோமோசோமிலுள்ள மிக் ஏடு முறிந்து, பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமிற் சென்று ஒட்டுகின்றது. அவ்விடமோ நோயெதிர்ப் புரதத்திற்காக இடையறாது படியெடுக்கப்படும் இடம். ஆகவே மிக்கும் ஓயாது பெருகுகின்றது. அணுவும் ஓயாது பிளவுபடுகின்றது. ஏட்டின் பொருள் கெட்டதனாலன்று, அதன் இடம் மாறியதனாலேயே இக்கேடு தொடங்கிற்று என்பது கருதத்தக்கது.

அங்ஙனமாயின் மிக்கைத் தடுத்தலாகாதோ எனின், அஃது எளிதன்று. மருந்து பற்றுதற்குரிய குழிவு அதன் வடிவில் இல்லை. நல்லணுக்களுக்கும் அது வேண்டப்படுவதாகும். எனினும், விரைந்து பிளவுபடும் அணுக்களை அழிக்கும் மருந்துகளுக்கு இக்கட்டி நன்கு கரைகின்றது. வசதிமிக்க நாடுகளில் இந்நோயுற்ற சிறுவருள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். பர்கிட் இதனை முதலிற் கண்ட ஆபிரிக்கப் பகுதிகளிலோ பிழைப்போர் அதனினும் மிகக் குறைவு. மருத்துவமனை சேய்மையிலுள்ளது, மருந்தும் காலத்திற் கிட்டுவதில்லை.

நோயின் காரணத்தை அறிவு கண்டது. கண்ட மருந்தைச் சிறுவரிடம் கொண்டுசேர்த்தல் இன்னும் எஞ்சியுள்ள கடமையன்றோ?