உப்பு வியர்வையும் தீராத பீனிசமும்

அலிபிரியில் தொடங்கி 3,500-க்கு மேற்பட்ட படிகளை ஏறித் திருமலையை அடைந்து, முடி இறக்கிக்கொண்டு, குளிர்ந்த நீரில் தலைமுழுகி ஊர் திரும்புகிறவருக்கு மூக்கடைப்பும் தலைபாரமும் வந்துவிட்டால், "மொட்டைத் தலையில் பனி இறங்கி நீர் கோத்துக்கொண்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் காரணம் சொல்லி, சுக்குப் பற்றுப் போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுவது, சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வழிவழியாக வந்த வழக்கம். பெரும்பாலோருக்கு அந்த ஜலதோஷம் பத்து நாளில் தானே தணிந்துவிடுவதால், சொன்ன காரணம் சரியாயினும் தவறாயினும் பெரிய தீங்கு நேர்வதில்லை. ஆனால் பள்ளிக்கூட நாள் தொட்டுச் சளி வற்றாமல், மூக்கினுள் சதை வளர்ந்து, அதை அறுத்தெடுத்த பின்னும் மறுபடி வளர்ந்து, முப்பது வயதிலும் வாசனை அறியாமல் வாழ்கிற ஒருவரை, "உனக்குச் சைனஸ் உடம்பு" என்று சொல்லி அனுப்பிவிடும்போது, அந்த எளிய விளக்கமே நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களில் மிகச் சிலருக்கு மூலகாரணம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய்.

இது வெள்ளையருடைய நோய், அதுவும் குழந்தைப் பருவத்தோடு முடிந்துபோவது என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. 1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்த காலத்தில், இந்நோயுற்ற குழந்தைகள் பள்ளி வயதைக் காண்பதே அரிது என்பது மெய்யே. இன்றோ அமெரிக்காவில் இந்நோயோடு வாழ்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயது வந்தவர்கள். இந்தியாவிலும் 1960-களிலேயே நோயாளிகள் இனங்காணப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் தொகை குறைவாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், இருமலும் இளைப்பும் கண்ட மாத்திரத்தில் க்ஷயம் என்று முடிவுகட்டும் நம் பழக்கம். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-இல் எழுந்த க்ஷயரோக ஆஸ்பத்திரியின் பெயர் வீடுதோறும் வழங்கிய இந்தச் சீமையில், அந்த எண்ணம் ஆழ வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தால்தான் நோய் தோன்றும். ஆகவே மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இதை இல்லாத நோயாகக் கருதுவதற்கு நியாயமே இல்லை.

1989-இல் கண்டறியப்பட்ட அந்த மரபணு, உயிரணுக்களின் சவ்வில் குளோரைடு உப்பு வந்துபோக ஒரு வாயிலை அமைக்கிறது. அவ்வாயில் பழுதுபட்டால், வியர்வை நாளங்களில் உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டிய உப்பு உறிஞ்சப்படாமல் தோலின் மேல் வந்து படிகிறது. நாசியிலும் சுவாசகோசத்திலுமோ, வெளிவர வேண்டிய உப்பு வராமையால் அதனைத் தொடர்ந்து வரவேண்டிய நீரும் வராமல், சளி பசைபோல் இறுகி, அதை அள்ளித் தள்ளும் நுண்மயிர்கள் செயலிழந்து நின்றுவிடுகின்றன. குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று தாய்மார் சொல்லுவதை அலட்சியம் செய்யலாகாது என்பது இதனால்தான். முன்கையில் ஒரு மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் ஏற்றி, அரைமணி நேரம் வியர்வையைச் சேகரித்து, அதில் லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையே இன்றளவும் நோய் நிர்ணயத்தின் ஆதாரம். சித்தூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்நோயைக் கண்டறிந்து பராமரித்துவரும் இடங்களில் ஒன்று. மூக்குச் சதை திரும்பத் திரும்ப வளர்கிறவர், அதோடு நாள்பட்ட இருமலோ, கணைய வீக்கமோ, ஆண்களாயின் பிள்ளைப்பேறின்மையோ உடையவர், வயதைப் பாராமல் இதைப் பற்றிக் கேட்டறிவது நலம்.

"மூக்குதானே, நுரையீரலைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்பது நோயாளிகளே நம்பும் பிழை. மூக்கையும் மார்பையும் நாம் இரண்டு மருத்துவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறோமே அன்றி, சரீரம் அவ்வாறு பிரித்துவைக்கவில்லை; சுவாசப்பாதை ஒன்றே. சைனஸ் அறைகளில் தங்கிய சூடோமோனாஸ் கிருமியும் நுரையீரலில் கண்ட கிருமியும் ஒரே வம்சத்தவை என்று பல நோயாளிகளிடம் நிரூபணமாகியிருக்கிறது. நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் புதிய நுரையீரலுக்குள்ளும் பழைய கிருமிகள் மேலிருந்து இறங்கியிருக்கின்றன.

அதற்காக, ஸ்கேன் படத்தில் சைனஸ் அறைகள் அடைந்திருப்பதைக் கண்டதும் கத்தியைத் தேடுவதும் பிழையே. இந்நோயுள்ள பெரியவர்களில் அநேகமாக எல்லோருடைய படமும் அப்படித்தான் இருக்கும். நெற்றிச் சைனஸ் சரியாக வளராமலே இருப்பதும் சகஜம். சிகிச்சை நோயாளிக்கே, படத்துக்கு அன்று. மூக்கடைப்பும் முகவலியும் மருந்துக்கு அடங்காதபோது, எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் அறுவை மெய்யான நிவாரணம் தருகிறது. ஆனால் சதை மறுபடி வளரக்கூடும் என்பதையும், மூச்சின் பலம் இதனால் உயரும் என்பதற்கான ஆதாரங்கள் ஒருமுகமாக இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் தர்மம். அறுவையின் பெரும்பயன், அடைந்த வாயில்களை அகலத் திறந்து, கழுவும் நீரும் மருந்தும் உள்ளே செல்ல வழி செய்வதுதான். இந்நோயால் கணையம் பழுதுற்றவர்களுக்கு வைட்டமின் கே குறைந்து இரத்தம் உறைவது தாமதப்படலாமாதலால், அதை அறுவைக்கு முன்னரே பார்த்துவிட வேண்டும்.

மூக்கினுள் உப்புநீர் விட்டுக் கழுவும் அந்த வேலையே இச்சிகிச்சையின் உயிர்நாடி. உள்ளிருந்து வராத உப்பையும் நீரையும் வெளியிலிருந்து கொடுத்து, இறுகிய சளியை இளக்குவது. லிட்டருக்கு 9 கிராம் உப்புச் சேர்ந்த நீர் மூக்கை எரிக்காது. மருந்துக்கடையில் அளவிட்ட பொட்டலமும் கிடைக்கிறது. மூக்கில் நீர் விட்டுக் கழுவும் ஜலநேதி பழகியவர்கள் நிறைந்த நம் நாட்டில், கிணற்று நீரோ குழாய் நீரோ அப்படியே ஆகும் என்று எண்ணுகிறவர்கள் பலர். அது ஆபத்து. மூக்கின் வழியே மூளைக்கு ஏறிக் கொல்லும் அமீபாவைக் கேரளத்துச் செய்திகளால் நாம் அறிந்திருக்கிறோம். போதாக்குறைக்கு, சூடோமோனாஸ் ஈரமான இடங்களில் குடியிருப்பது. ஆகையால் கொதித்து ஆறிய நீரையே எடுத்து, கழுவும் குப்பியைத் தினமும் சுத்தம் செய்து உலர்த்திவைக்க வேண்டும். கழுவிய பின்பு ஸ்டீராய்டு மூக்கு மருந்தைத் தெளித்துக்கொள்வது முறை. வளர்ப்புச் சோதனையில் கிருமி தெரிந்தால், டோப்ராமைசின் போன்றவற்றை மூக்கினுள்ளேயே செலுத்துவதும் உண்டு. ஆவி சற்று இதமளிக்கும். அதற்குமேல் எதுவும் செய்யாது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. முன்னது சூடோமோனாஸைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. பின்னதோ, இந்நோயாளிகளில் பலருக்குக் காத்திருக்கும் சர்க்கரை வியாதியைத் தூண்டிவிடும்.

பழுதான வாயிலையே திருத்தும் மாத்திரைகள் 2012 முதல் வந்திருக்கின்றன. 2019-இல் அமெரிக்கா அனுமதித்த மூன்று மருந்துக் கூட்டு, சைனஸ் தொல்லையை வெகுவாகக் குறைத்து, பலருக்கு மூச்சையும் பசியையும் மீட்டுத் தந்திருக்கிறது. எனினும் அது எல்லா மரபணுப் பிழைகளுக்கும் பொருந்துவதில்லை. ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணும் பிழை இந்தியரிடம் அவ்வளவு இல்லையாதலால், மரபணுப் பரிசோதனை இன்றி ஆசை வைப்பதற்கில்லை. அமெரிக்காவில் அம்மருந்துக் கூட்டின் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். எளிய விலையில் கிடைக்க வேண்டும் என்று 2023-இல் இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, உக்ரைன் நாடுகளின் நோயாளிகளும் குடும்பத்தாரும் சட்ட வழியில் முறையிட்டார்கள். அம்முறையீடு வெல்ல வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். அதுவரையில், சித்தூரிலோ திருப்பதியிலோ வாழும் ஒரு நோயாளி காலையில் நீரைக் காய்ச்சி ஆறவைக்கும் அந்த நேரத்தை வீட்டார் குறைவாக மதிக்கலாகாது. வியர்வையோடு உப்பை மிகுதியாக இழக்கும் அவர் சித்திரை வெயிலில் படியேறிச் சுவாமி தரிசனத்துக்குப் புறப்பட்டால், மருத்துவர் சொன்ன அளவில் உப்பும் நீரும் கையோடு கொடுத்தனுப்பட்டும்.