நடுநிலை ஆள் வைக்கலாம். முதலில் கட்டளை எடுங்கள்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் 2023இல் காதி நீதிமன்றத்தில் தலாக் ஆகிவிட்டது. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. இருவரும் என்னுடன் ஏறாவூரில் இருக்கிறார்கள், வாப்பா காத்தான்குடியில். வெள்ளி பின்னேரம் கூட்டிப் போனால் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவதில்லை. பெருநாளைக்கு யார் வீடு என்று ஒவ்வொரு முறையும் சண்டை. மகனின் குர்ஆன் மத்ரஸாவை மாற்றியதற்கும் சண்டை. பள்ளிவாயலில் பேசி எழுதிய கடிதத்தை அவர் மதிப்பதில்லை. பிரிந்த பெற்றோருக்கு நடுவில் பொதுவான நிபுணர் ஒருவரை வைத்துத் தீர்க்கும் முறை கனடாவில் இருப்பதாக அங்குள்ள என் தாத்தா சொல்கிறா. இங்கும் வைக்கலாமா? அவர் சொல்வதற்கு இவர் கட்டுப்பட வேண்டுமா?
— பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது, ஏறாவூர்

பதில்: சகோதரி, ஆறு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் உங்கள் மாமியைப் பற்றியது. அதை விட்டுவிடுகிறேன். விடயத்தைத் தீர்மானிப்பது ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்று காதியார் ஒன்றும் எழுதவில்லை.

எழுத மாட்டார். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவரிடம் கொடுத்திருப்பது விவாகரத்து, மஹர், கைக்கூலி, தாபரிப்பு, கணவன் மனைவிக்கிடையே சமரசம் போன்றவற்றை. பிள்ளைகளின் கட்டுக்காப்பு அதில் இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை, உங்களுக்கு மட்டக்களப்பு. ஆகவே பிள்ளைகள் யாரிடம், மற்றவர் எப்போது பார்க்கலாம் என்று சொல்லும் கட்டளை எதுவும் இன்றுவரை உங்கள் கையில் இல்லை. இல்லாத கட்டளையை மீறினார் என்று யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

காதியார் முன் சட்டத்தரணி தோன்ற முடியாது என்பதால் சட்டத்தரணியே தேவையில்லை என்று இத்தனை காலம் இருந்துவிட்டீர்கள் போலும். பள்ளிவாயல் கடிதத்தைப் பாருங்கள். திகதி இல்லை. மூலப்பிரதி நம்பிக்கையாளர் சபையிடம். உங்களிடம் இருப்பது கைபேசியில் எடுத்த, ஓரம் வெட்டுப்பட்ட படம். கீழே சமாதான நீதவானின் முத்திரை இருப்பதைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். அந்த முத்திரை கையொப்பத்தை உறுதிப்படுத்தும், அவ்வளவுதான், கடிதத்தைத் தீர்ப்பாக்காது. விவாகரத்துப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியையும் எடுக்கவில்லை. மகளின் பிறப்புச் சான்றிதழ் "அவர் வீட்டில்" என்கிறீர்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து வேறு பிரதி எடுக்க இவ்வளவு காலம் வேண்டுமா? தாபரிப்புப் பணம் வராத மாதங்களில் பிள்ளைகளை அனுப்பவில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நாளைக்கு அவருடைய சட்டத்தரணி உங்களுக்கு எதிராகவே வாசிப்பார். தாபரிப்புக்குக் காதியாரிடம் போங்கள். அவருடைய கட்டளையை நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம். பிள்ளையைப் பிணையாகப் பிடிக்காதீர்கள்.

இனி நடுநிலை ஆள். உங்கள் தாத்தா சொன்னது சரி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2013 முதல் நடைமுறையிலுள்ள குடும்பச் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு பதவி இல்லை. ஆனால் இருவரும் சம்மதித்தால் ஒருவரை வைத்துக்கொள்ளத் தடையுமில்லை. சும்மா கடதாசியில் வைத்தால் பள்ளிவாயல் கடிதத்தின் கதிதான். மாவட்ட நீதிமன்றத்தில் கட்டுக்காப்பு மனு போட்டு, அந்த வழக்கிலேயே இருவரும் இணங்கி, இணக்க நிபந்தனைகளில் அவருடைய பெயரையும் வேலையையும் எழுதிப் பதியவேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவு இணக்கத்தைத் தீர்வையாக்க வழி தருகிறது. அதன் பிறகு மீறுபவர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

அவருடைய வேலையைச் சிறிதாக வையுங்கள். வெள்ளி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பிள்ளையைக் கைமாற்றுவது. நோன்புப் பெருநாள் யாரிடம், ஹஜ்ஜுப் பெருநாள் யாரிடம். மத்ரஸா, ரியூஷன், வைத்தியர், வீடியோ அழைப்பு. இவ்வளவு போதும். கட்டுக்காப்பை மாற்றவோ, தகப்பன் பிள்ளையைப் பார்ப்பதை நிறுத்தவோ, தாபரிப்பைக் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் எழுதாதீர்கள். பிள்ளையின் நலன் பற்றிய கடைசிச் சொல்லை நீதிமன்றம் வெளியாளிடம் விடாது. கட்டணம் யார் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு நியமனம், உங்களிடம் கேட்டதை அவர் நீதிமன்றத்தில் சொல்லலாமா கூடாதா என்பதும் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும்.

யாரை வைப்பது? உங்கள் மச்சான் வேண்டாம். ஏறாவூரில் இரு பக்கமும் உறவில்லாத ஆளைத் தேடுவது சிரமம் என்பது எனக்கும் தெரியும். ஊருக்கு வெளியே, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவரைப் பாருங்கள். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் இருவரும் போய்ப் பேசலாம். அவர் பேச வைப்பார். தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

ஷாபி மத்ஹபில் பகுத்தறியும் வயதுவரை பிள்ளை தாயிடம், பிறகு பிள்ளையின் விருப்பம் என்பது பொதுவிதி. ஆனால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். மகனுக்கு ஒன்பது வயது. நீதிபதி அவனிடமே கேட்கக்கூடும். இப்போதே பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள், கேட்டவுடன் தெரிந்துவிடும்.

கடைசிப் பக்கத்தில், பிள்ளையை வாங்க வந்தபோது அவர் "ஒருமுறை கையை நீட்டினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அடித்தார் என்பது பொருளானால், மேலே சொன்ன நடுநிலை ஆள் வழி உங்களுக்கு இப்போதைக்குப் பொருந்தாது. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே மேசையில் இருத்தி மத்ரஸா நேரம் பேச முடியாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகளை வெளிநாடு கொண்டுபோவதாக அவர் சொன்னாலும் அப்படியே. நடுவரைத் தேடி நேரம் கடத்தாமல் நீதிமன்றத்துக்குப் போங்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது. மற்றப் பக்கத்தை நான் கேட்கவில்லை. இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்களாக எதையும் எழுதிக் கையொப்பமிடாதீர்கள். பிரதிகளை எடுத்துக்கொண்டு, குடும்ப வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரை இந்த வாரமே நேரில் சந்தியுங்கள். வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். வருமான விபரம் கேட்பார்கள், கிராம சேவகரின் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.