பூனைகளைத் தாக்கும் வைரசுகள்: அவற்றின் தோற்றமும் வேற்றுமையும்

கொம்பறையில் நெல்லைச் சேமித்து வைக்கும் கமக்காரருக்குப் பூனை பேருதவி புரிகின்றது. வயலை அடுத்த பற்றைகளில் வாழும் காட்டுப்பூனையும் எலிகளைப் பிடித்துண்பதால் பயிருக்கு நன்மை செய்கின்றது. இவ்விரண்டையும் தாக்கும் வைரசுகள் எவ்வாறு தோன்றிப் பல வகைகளாயின என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

வைரசு மாறுபடும் விதம்

மிளகாய்ச் செடியின் இலைகள் வைரசினாற் சுருள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். விலங்குகளின் வைரசுகளும் அவ்வாறே உயிருள்ள கலங்களினுள் மாத்திரம் பெருகுவன. பெருகும்போது அவற்றின் பரம்பரைப் பொருள் படியெடுக்கப்படுகின்றது. அப்போது சிற்சில பிழைகள் நேர்கின்றன. அவற்றுட் பல வைரசுக்குப் பயனற்றவை. மிகச் சிலவோ, முன்னர் தாக்காத விலங்கினுட் புகும் ஆற்றலை அதற்கு அளிக்கின்றன.

பூனையிலிருந்து நாய்க்கு

பூனைப் பார்வோ வைரசு குடலையும் எலும்பு மச்சையையும் தாக்கும். காய்ச்சல், வாந்தி, கழிச்சல் என்பன உண்டாகும். குருதியின் வெண்குழியங்கள் பெரிதும் குறையும். குட்டிகள் பெரும்பாலும் இறந்துவிடும். 1978 ஆம் ஆண்டில் இதற்கு மிக நெருங்கிய உறவுடைய புதிய வைரசொன்று நாய்களிடையே தோன்றி, உலகெங்கும் பரவியது. வைரசின் வெளியுறையில் நிகழ்ந்த ஒரு சில மாற்றங்களே இதற்குப் போதுமாயிருந்தன. பின்னர் தோன்றிய அதன் வகைகள் பூனைகளையும் மீண்டும் தாக்கும் ஆற்றலைப் பெற்றன.

வீட்டிலிருந்து காட்டிற்கு

பூனைகளின் நோயெதிர்ப்புச் சத்தியைக் குறைக்கும் வைரசொன்று 1986 இற் கலிபோர்னியாவிற் கண்டறியப்பட்டது. சிங்கத்திலும் பூமாவிலும் அதன் தனித்தனி வகைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்குரிய விலங்கில் நெடுங்காலம் வாழ்ந்து வேறுபட்டதாகும்.

புதிதாகப் புகும் வைரசு பெருங்கேடு விளைக்கக்கூடும். பூனைகளில் வெண்குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசு, 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வீட்டுப் பூனைகளிலிருந்து புளோரிடாவின் பூமாக்களுக்குத் தொற்றியது. அவற்றுட் சில இறந்தன. 2007 இல் ஸ்பெயினின் தொன்யானாப் பகுதியில், மிக அருகிவிட்ட லிங்சு என்னும் காட்டு விலங்குகளிலும் அதே நோய் கண்டது. எனவே, வீட்டுப் பூனையைக் காத்தல் காட்டு விலங்கையும் காத்தலாகும். சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை ஆகிய நான்கும் வாழும் எமது நாட்டிற்கும் இது பொருந்தும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி பூனைக்குட்டிகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் உரிய காலத்திற் தடுப்பூசி ஏற்றுவிக்க.

2. உணவை வெறுத்து வாந்தியெடுக்கும் பூனையை உடனே வேறாக்கி, மிருக வைத்தியரிடம் காட்டுக.

3. பார்வோ வைரசு நிலத்திற் பல மாதங்கள் அழியாதிருக்கும். சவர்க்காரம் மாத்திரம் அதனை அழிக்காது. எனவே, பூனை கிடந்த இடத்தை நன்கு கழுவியபின் வெளிற்றும் தூட் கரைசலை ஊற்றுக.

4. இறந்த பூனையை வாய்க்காலிலோ காட்டோரத்திலோ எறியாது, ஆழப் புதைக்க.

5. வேண்டாத குட்டிகளைக் காட்டோரத்தில் விட்டுவிடற்க. பூனைகளுக்குக் கருத்தடை செய்வித்தலே தக்க வழியாகும்.