வழுவும் வழுவமைதியும்

மொழியைக் கற்றவர்க்கு ஒரு நோய் உண்டு. சாலையில் நடந்தால் பெயர்ப்பலகைகளில் பிழை தேடும். திருமண அழைப்பிதழைப் பிரித்தால் மணமக்கள் பெயருக்கு முன் ஒற்றுப்பிழையைக் காணும். நண்பர் அனுப்பிய குறுஞ்செய்தியில் செய்தியை விட்டுவிட்டுச் சந்தியை ஆராயும். இந்நோய் தமிழர்க்கே உரியதன்று. இராபர்ட் லௌத் என்பார் 1762இல் ஆங்கில இலக்கணம் ஒன்றை வெளியிட்டபோது, ஷேக்ஸ்பியர், மில்டன் போன்ற பெரும்புலவர் தொடர்களிலும் பிழை காட்டினார். இலின் டிரஸ் என்னும் எழுத்தாளர் 2003இல் நிறுத்தக்குறிப் பிழைகளைப் பற்றி எழுதிய நூல் பெருவிற்பனை கண்டது. பெயர்ச்சொல்லின் பன்மையில் தேவையின்றி இடப்படும் மேற்குறிக்கு ஆங்கிலேயர் 'காய்கறிக் கடைக்காரரின் மேற்குறி' என்று நகைச்சுவையாகப் பெயரிட்டுள்ளனர்.

பிழை காண்பது எளிது. எது பிழை, எது பிழைபோல் தோன்றும் வழக்கு எனப் பகுத்தறிவதே அரிது. அப்பகுப்பை நம் இலக்கண நூலார் முன்னரே செய்து வைத்துள்ளனர். இலக்கண நெறியில் அமைவது வழாநிலை. நெறி பிறழ்வது வழு. நெறி பிறழினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இம்மூன்றையும் அன்றாட எழுத்தில் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்ப்பெயர் கற்பிக்கும் புணர்ச்சி

புணர்ச்சி விதிகள் ஏட்டில் மட்டுமே வாழ்பவை என்று மாணவர் எண்ணுகின்றனர். அவர்கள் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் பேருந்தில் ஏறி, வழியிலுள்ள ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே செல்லட்டும். வேளச்சேரியில் சகர ஒற்று மிகுந்து நிற்கிறது. பள்ளிக்கரணையில் ககர ஒற்று மிகுந்து நிற்கிறது. நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் 'பாக்கம்' என்னும் சொல் இவ்வட்டாரத்தில் மூன்று கோலம் கொள்கிறது. செம்பாக்கம், பெரும்பாக்கம் என மகர ஒற்றை அடுத்து இயல்பாய் நிற்கிறது. சித்தாலப்பாக்கத்தில் பகர ஒற்று மிகுகிறது. நம் மேடவாக்கத்திலோ, பகரம் வகரமாய்த் திரிந்து 'வாக்கம்' ஆகிறது. வில்லிவாக்கமும் புரசைவாக்கமும் இவ்வாறு வந்தவையே. எழுத்தறியாத உழவரும் இப்பெயர்களை ஒருபோதும் பிழைபட ஒலித்திலர். ஆகவே புணர்ச்சி என்பது புலவர் வகுத்த தண்டனையன்று. நாவின் இயல்பை நூலார் விதியாக்கினர் என்பதே உண்மை.

பொருளை மாற்றும் ஒற்று

ஓர் ஒற்று குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று வினவுவோர் உளர். 'கீரைக்கடை' என்றால் கீரை விற்கும் இடம். 'கீரை கடை' என்றால் மத்தெடுத்துக் கடையச் சொல்லும் ஏவல். 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆகியது. 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. 'வேலை கொடு' என்பவன் பிழைப்புத் தேடுபவன். 'வேலைக் கொடு' என்பவன் படைக்கலம் கேட்பவன்.

ஒற்றை விடுவது ஒரு வழு என்றால், வேண்டாத இடத்தில் இடுவது மற்றொரு வழு. வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும். 'படித்துச் சொன்னான்' என்பது சரி. மென்தொடரின் பின் மிகாது. 'வந்து சொன்னான்' என்பதே சரி. இவ்வேறுபாட்டை அறியாமல், பிழைக்கு அஞ்சி 'வந்துச் சொன்னான்' என்று எழுதுவோர் பலர். அவ்வாறே 'அந்தப் பையன்' என்பதில் ஒற்று வேண்டும். 'படித்த பையன்' என்னும் பெயரெச்சத் தொடரில் வேண்டா.

சொல்லமைப்பில் நேரும் வழு

சில பிழைகள் நன்கு படித்தவர் எழுத்திலும் புகுந்துவிட்டன. 'சுவற்றில்' என்பது அவற்றுள் ஒன்று. ஆறு, கயிறு என்பன 'று' என முடிவதால் ஆற்றில், கயிற்றில் என இரட்டிக்கின்றன. சுவர் என்பதோ ரகர மெய்யில் முடிவது. ஆதலின் 'சுவரில்' என்பதே வடிவம். 'அருகாமை' என்பது மற்றொன்று. கல்லாமை, அறியாமை என்பவற்றில் வரும் எதிர்மறை ஈற்றை அருகு என்பதோடு சேர்த்தால், அண்மைக்கு நேர்மாறான பொருளன்றோ தோன்றும்? 'அருகில்' என்றாலே போதும். முயல் என்னும் வினையிலிருந்து முயற்சி என்னும் பெயர் பிறந்தது. அப்பெயரை மீண்டும் வினையாக்கி 'முயற்சிக்கிறேன்' என்பது வீண்சுற்று. பயிற்சியைப் 'பயிற்சிக்கிறேன்' என்று எவரும் எழுதுவதில்லை. பதறு என்பதிலிருந்து பதற்றம் வரும், 'பதட்டம்' வாராது. மூன்றும் நூறும் சேர்ந்தால் முந்நூறு. 'முன்னூறு' என்பது முன்னுள்ள நூறு எனப் பொருள்படும். பணத்தொகையை எழுத்தால் எழுதுவோர் இதனைக் கருதுதல் நன்று.

மழைக்காலச் செய்திகளில் 'மரங்கள் விழுந்தது' என்னும் தொடரைக் காண்கிறோம். இது தெளிவான வழு. 'மரங்கள் விழுந்தன' என்றல் வேண்டும். ஆனால் 'பத்து மரம் விழுந்தன' என்று எழுதிய மாணவனின் 'மரம்' என்னும் சொல்லில் சிவப்புக் கோடு இடும் ஆசிரியரே பிழை செய்தவர் ஆவார். அஃறிணைப் பெயர்க்குக் 'கள்' கட்டாயமன்று. மரம் என்பது இருபாலுக்கும் பொதுவாய் நிற்கும். எண்ணும் வினைமுற்றும் பன்மையைக் காட்டிவிடுகின்றன.

வழுவெனத் தோன்றும் வழக்கு

'புறநகர்' என்னும் சொல்லை எண்ணுக. முறைப்படி அது நகர்ப்புறம் என்றன்றோ இருத்தல் வேண்டும்? சொற்கள் முன்பின்னாக மாறி நின்றும், இலக்கணம் உடையதுபோல் வழங்குவதால், அதனை இலக்கணப்போலி என்று ஏற்றனர். இல்முன் 'முன்றில்' ஆனதும் அவ்வாறே. தஞ்சாவூர் தஞ்சையாகவும் கோயம்புத்தூர் கோவையாகவும் சிதைந்தபோது, அவற்றை மரூஉ என்று பெயரிட்டு வழக்கினுள் வைத்தனர், புறந்தள்ளவில்லை.

இன்னும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. ஒருவரை 'அவர் வந்தார்' என்று மதிப்போடு கூறுகிறோம். இதில் பிழை காண்பார் இன்று எவருமில்லை. தொல்காப்பியரோ, ஒருவரைப் பன்மையால் சுட்டுவது உலக வழக்கில் எழுந்த உயர்சொல்லே என்றும், அஃது இலக்கண நெறியாற் பிறந்ததன்று என்றும் கிளவியாக்கத்தில் கூறிச் செல்கிறார். அன்று இலக்கண வரம்புக்கு வெளியே நின்றது இன்று நம் பண்பாட்டின் அடையாளமாகிவிட்டது. ஆங்கிலத்திலும் 'தே' என்னும் பன்மைச் சொல்லால் ஒருவரைச் சுட்டும் வழக்கு 14ஆம் நூற்றாண்டு முதலே உண்டு. ஆயினும் அதனைப் பிழையென்போர் அண்மைக்காலம்வரை ஓய்ந்திலர்.

நாட்கள், நாள்கள் என்பவற்றுள் எது சரி என்னும் வாதமும், வாழ்த்துக்கள், வாழ்த்துகள் பற்றிய வாதமும் இன்னும் முடிந்தபாடில்லை. இருசாரார்க்கும் காரணம் உண்டு. இத்தகைய இடங்களில் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, கட்டுரை முழுதும் அதனையே ஆள்வது போதுமானது.

திருத்துவோர் கடமை

தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர் பலர் நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். அவர்கள் எழுதிய விண்ணப்பத்தை நால்வர் நடுவே படித்து நகைத்தால், அவர்கள் பிழையைக் கைவிடமாட்டார்கள், எழுதுவதையே கைவிடுவார்கள். பிழையுள்ள தமிழ் திருந்தும். எழுதப்படாத தமிழ் திருந்த வழியில்லை. அதற்காகப் பிழையைக் கண்டும் காணாது விடுவதும் முறையன்று. அது மாணவனுக்கு இழைக்கும் வேறொரு தீங்கு. நேர்காணலிலும் போட்டித் தேர்விலும் அப்பிழைக்கு விலை கொடுப்பவன் அவனே.

ஆதலின் சிவப்பு மையை எடுக்குமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இப்பிழையால் பொருள் மாறுகிறதா? மாறுமாயின் உடனே திருத்துக. இது நூல்களிலும் சான்றோர் வழக்கிலும் இடம்பெற்ற வடிவமா? ஆயின் பொறுத்துக்கொள்க. திருத்தத்திற்குரிய காரணத்தை நம்மால் சொல்ல இயலுமா? இயலாதெனின், முதலில் நாம் நூலைப் புரட்டுக.

பழையன கழிதலையும் புதியன புகுதலையும் குற்றமெனக் கொள்ளாது, அவை காலத்தின் இயல்பென ஏற்றுச் சொல்லதிகாரத்தை நிறைவு செய்தவர் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர். விதியை விரித்துரைத்த பெருமகனார்க்கு இருந்த அப்பெருந்தன்மை, விதியைக் கற்பிக்கும் நமக்கும் வேண்டும்.