வெப்பநீர்க் குழாய்களில் அடைபட்ட காற்று

இங்கிலாந்தில் மாரிக்காலத்துக் குளிரை நீக்குதற்கு வீடுகளில் ஒரு முறை வழங்குகின்றது. கொதிகலனிற் சூடேறிய நீர், பம்பினால் உந்தப்பட்டுக் குழாய்வழியே ஒவ்வோர் அறையிலுமுள்ள ரேடியேட்டர் என்னும் எஃகுக் கலத்துட் சென்று, தன் வெப்பத்தை அறைக்கு ஈந்து, மீண்டும் கொதிகலனை அடைகின்றது.

சிற்சில வேளைகளில் ரேடியேட்டர் அடியிற் சூடாயும் மேலே குளிர்ந்தும் இருக்கும். உள்ளே களகளவென்னும் ஒலியும் கேட்கும். முதியோரும் குழந்தைகளும் வாழும் வீட்டில் ஓரறை இங்ஙனம் குளிர்ந்து கிடத்தல் சிறு குறையன்று. இதன் காரணம் யாது? குளிர்ந்த நீரிற் காற்றுச் சிறிது கரைந்துள்ளது. நீர் சூடேறுந்தோறும் காற்றைக் கரைத்து வைத்திருக்கும் ஆற்றல் குறைகின்றது. அடுப்பிலேற்றிய நீர் கொதிக்குமுன்னரே பாத்திரத்தின் பக்கங்களிற் சிறு குமிழிகள் தோன்றக் காண்கின்றோமன்றோ? அங்ஙனம் பிரிந்த காற்று, நீரினும் இலேசாதலின், மேலேறித் தங்குகின்றது. காற்று நின்றவிடத்தில் நீர் புகாது. நீர் புகாதவிடத்தில் வெப்பமும் செல்லாது.

பரிகாரம் எளிது, ஆயினும் முறை பிறழலாகாது. முதலிற் கொதிகலனையும் பம்பையும் நிறுத்தி, நீர் ஆறும்வரை பொறுத்தல் வேண்டும். பொறாது திறப்போர் கையைச் சுடுநீர் புண்ணாக்கும். பின்னர்க் கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடிப்பது வழக்கம். ரேடியேட்டரின் மேல்மூலையிலுள்ள சிறு திருகின்கீழ்த் துணியொன்றைப் பிடித்து, அதற்குரிய சாவியால், கடிகார முள் செல்லுந் திசைக்கு எதிராகக் கால் அல்லது அரைச் சுற்றுத் திருப்புக. திருகை முற்றும் கழற்றற்க. காற்றுச் சீறிக்கொண்டு வெளிப்படும். சீற்றம் அடங்கி நீர் தடையின்றி வந்தவுடன் மூடிவிடுக. மூடிய அமைப்பாயின், காற்று வெளியேறியதனால் அழுத்தம் குன்றியிருக்கும். ஆதலின், குளிர்ந்த நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் வரை காட்டுமாறு புதுநீர் சேர்த்தல் வேண்டும். மேல்மாடத் தொட்டியினின்று நீர் பெறும் பழைய அமைப்புக்களில் அத்தொட்டியே குறையை நிரப்பும்.

இனி, மயங்கலாகாத இரண்டுள. மேலே சூடாயும் அடியிற் குளிர்ந்தும் இருப்பின், பெரும்பாலும் அது காற்றன்று. துருவின் கரிய வண்டலாம். அதனைச் சாவி தீர்க்காது. மற்று, நீக்கிய வாயு மீண்டும் மீண்டும் சேருமாயின், எங்கேனும் ஒழுக்கோ உள்ளே அரிப்போ உளதென ஐயுறுக. எஃகு அரிக்கப்படுகையில் ஹைட்ரஜன் உண்டாகும். அஃது எரியுந் தன்மையதாதலின், திருகைத் திறக்குங்கால் தீயை அருகே கொணரற்க. இந்நிலையில் வாயுவை நீக்கி நீக்கிப் புதுநீர் சேர்ப்போர், அந்நீரிற் கரைந்த ஆக்ஸிஜனையும் உட்செலுத்தி அரிப்பையே வளர்ப்பர். ஒழுக்கை அடைத்து, வண்டலைக் கழுவி, அரிப்பைத் தடுக்கும் மருந்தை நீரிற் கலத்தலே தக்கது.

காற்றை வெளியேற்றுதல் சில நிமிடத்து வேலை. அது வந்த வழியை ஆராய்ந்து அடைத்தவனே அவ்வறைக்கு நிலையான வெப்பத்தைத் தந்தவனாவான்.