மாத்திரை தவறுவது மறதியால் மட்டுமா?

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சையை இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று இலவசமாக வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் பலர் நாளுக்கு இருவேளை மாத்திரை உட்கொண்டனர். எஃபாவிரென்ஸ் மருந்து சிலருக்குத் தலைச்சுற்றலையும் கெட்ட கனவுகளையும் தந்தது. இன்று டோலுடெக்ராவிர் கலந்த ஒரே மாத்திரை பெரும்பாலோருக்குப் போதுமானது. ஆயினும் மாத்திரை தவறுகிறது.

எண்ணிக்கை பொருந்தாதபோது முதலில் வரும் விடை, "மறந்துவிட்டேன்" என்பதே. சற்றுப் பேசிய பின்னர் வருவது வேறு விடை. ஏலத் தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறுபவர், மலையில் தங்க நேரும் நாள்களில் உடனிருப்போர் முன் மருந்துக் குப்பியைத் திறக்க அஞ்சுகிறார். கூட்டுக் குடும்பத்தில் வாழும் பெண், மாமியார் உறங்கட்டும் எனக் காத்திருந்து தாமும் உறங்கிவிடுகிறார். திருப்பூருக்குப் பிழைக்கச் சென்றவருக்கோ, மருந்து வாங்க ஆண்டிபட்டி வந்து திரும்பினால் கூலி போய்விடுகிறது. இவற்றை மறதி என்று நாங்கள் எழுதிக்கொள்வது முறையன்று.

மருந்து அடிக்கடி தடைப்பட்டால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்தை எதிர்க்கும் ஆற்றலும் அதற்கு வரக்கூடும். மாறாக, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அந்நிலை நீடித்தால், பாலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை. இதை அறிந்த தம்பதியர் முகத்தில் தெரியும் ஆறுதலை நாங்கள் கண்டிருக்கிறோம்.

டோலுடெக்ராவிர் மாத்திரையை உணவுக்கு முன்னரோ பின்னரோ உட்கொள்ளலாம். ஆகவே, இரவு ஒன்பது மணி உங்கள் வீட்டுக்கு ஒவ்வாதெனில் வேறு நேரத்தைச் சேர்ந்து தேர்ந்தெடுப்போம். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் உட்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் உட்கொள்ளுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்க வேண்டா. நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துகள் இம்மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னரோ ஆறு மணி நேரம் பின்னரோ இதை உட்கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி வேண்டும். உணவுடன் எனில் சேர்த்தே உட்கொள்ளலாம். கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகளைப் பலர் எங்களிடம் கூறுவதேயில்லை.

வெளியூர் செல்வோர் புறப்படுமுன் தெரிவித்தால், அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து பெற வழி செய்யலாம்.

உடனிருந்து பேணுவோருக்கு ஒன்று: "போட்டாயா?" என்று நாள்தோறும் விசாரித்தால், "போட்டேன்" என்ற விடைதான் கிடைக்கும். "இன்று என்ன இடைஞ்சல்?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மையத்தில் நேரில் கேட்கத் தயங்குவோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பேசலாம்.